கேட்போர்: நூலக மேடையும் இலக்கியப் பட்டறையும்



நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வரைவோர் கூறவேண்டியவை எட்டு என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் பெரும்பாலானவற்றை இன்றைய பதிப்பாளரும் அட்டையிலோ முன்னுரையிலோ ஏதேனும் ஒரு வடிவில் சொல்லிவிடுகின்றனர். கேட்போர் என்னும் ஒன்று மட்டும் எங்கோ விடுபட்டுப் போயிற்று. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்று கொள்வாரும் உளர். அவற்றுள் களம் என்பது நூல் அரங்கேறிய அவை. ஆகவே, யார் கேட்டார், எந்த அவையில் கேட்டார் என்னும் இரண்டும் அறியப்படாத நூலுக்குப் பாயிரம் நிரம்பவில்லை என்பதே பழைய இலக்கணிகளின் கருத்தாகும்.

பத்தாண்டு நிறைவெய்திய ஒரு வட்டத்தின் விழாவில், எத்தனை கூட்டம் நடைபெற்றது, யார் யார் பேசினர், எத்தனை தொகுப்பு வெளிவந்தது என்று கணக்கெடுப்பது வழக்கம். அக்கணக்கு வேண்டியதே; அதற்கு ஆண்டறிக்கை இருக்கிறது. இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள், விடுபட்டுப் போன அந்த ஒன்று. நூலகத்தில் கூடும் இலக்கியக் கூட்டத்திற்கும், அங்கு நடத்தப்பெறும் படைப்புப் பட்டறைக்கும் கேட்போர் யார்? அவர் ஆற்றவேண்டிய பணி யாது?

இவ்வினாவை எழுப்பத் தில்லை மிகப் பொருத்தமான ஊர். சேக்கிழார் தம் திருத்தொண்டர் புராணத்தை அரங்கேற்றியது இங்குள்ள ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது மரபு. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் அவ்வரங்கேற்றம் நிறைவுற்றது என்று சேக்கிழார் புராணம் கூறும். நூலில் உள்ள பாடல்கள் 4,000க்கும் மேல். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடல் அளவிலேயே அவை கேட்டது என்று கணக்கு வருகிறது. இன்று ஒரு கவியரங்கில் இரண்டு மணி நேரத்திற்குள் பன்னிரண்டு கவிஞர்களைக் கேட்டுவிட்டு எழுகின்றோம். அநபாய சோழன் காலத்து அவைக்கு அவ்வளவு ஓய்வு இருந்தது என்று சொல்லி இதனைத் தள்ளிவிடலாகாது. கேட்பது ஒரு வேலை என்று அவ்வவை கருதியிருக்கிறது.

கம்பரைப் பற்றிய செவிவழிக் கதையும் இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்ற விரும்பிய கம்பரை, தில்லை மூவாயிரவரின் இசைவைப் பெற்று வருமாறு அங்குள்ளோர் பணித்தனராம். மூவாயிரவரை ஒருசேரக் காண்பது எளிதாக இல்லை. பாம்பு தீண்டிய சிறுவன் ஒருவனைச் சூழ்ந்து அவர்கள் அனைவரும் கூடியிருந்த வேளையில் கம்பர் நாகபாசப் படலத்துப் பாடல்களை ஓத, சிறுவன் உயிர்பெற்றான் என்று கதை முடிகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரூர் அவையில் ஏற வேண்டிய நூலுக்கு வேற்றூர்க் கேட்போர், அதுவும் வேறு சமயத்துக் கேட்போர், இசைவு தரவேண்டும் என்று தமிழ் மக்கள் கற்பனை செய்திருக்கின்றனரே, அதுவே கவனிக்கத்தக்கது.

அரங்கேற்றம் என்றால் பாராட்டு விழா என்று இன்று பொருள் கொள்ளப்படுகிறது. பழைய வழக்கில் அது தேர்வு. தொல்காப்பியம் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பட்டது என்று பனம்பாரனாரின் பாயிரம் அறிவிக்கிறது. நச்சினார்க்கினியர் அதற்கு உரைக்கும் கதையோ இன்னும் சுவையானது. அகத்தியர் தம் மாணவர்மேல் கொண்ட சினத்தால், தொல்காப்பியன் செய்த நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுக்கிறார். அவர் கேளாமலும் இருக்க முடியவில்லை. ஆசிரியர் சொல்லை மீறவும் இயலவில்லை. ஒரு வழி கண்டார். கேட்டார், கேட்டுக்கொண்டே குற்றம் கூறினார். தொல்காப்பியர் குற்றந்தோறும் விடை கூறினார். பகை காரணமாகத் தொடங்கிய அக்குற்றங்காணல் நூலுக்கு அரணாக முடிந்தது. தமிழின் தலைநூலுக்கு வாய்த்த முதற் கேட்போன் குறை தேடி வந்தவன் என்பதை உரையாசிரியர் ஒரு சிறப்பாகவே எழுதிவைத்தார்.

இறையனார் களவியல் உரை வரலாறு இன்னொரு கேட்போனைக் காட்டுகிறது. சங்கப் புலவர் பலரும் உரை கண்டு, எது மெய்யுரை என்று துணிய மாட்டாது மயங்கினர். அப்போது அவர்களுக்கு நடுவனாக அமைந்தவன் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன். அவன் ஐயாட்டைப் பிள்ளை, மூங்கை. பேச இயலாத சிறுவன் முன் புலவர் ஒவ்வொருவராக உரை வாசிக்கின்றனர். மதுரை மருதன் இளநாகனார் வாசித்தபோது இடையிடையே அவன் மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரனார் வாசித்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்தது. அதுவே தீர்ப்பாயிற்று. புலமையால் துணிய முடியாததை ஒரு சிறுவனின் உடல் துணிந்தது என்னும் இக்கதையில் தெய்வ அருள் என்னும் பூச்சை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், உள்ளிருப்பது இலக்கிய உண்மையே. சொல்லத் தெரியாதவனும் கேட்கத் தெரிந்தவனாக இருக்கலாம்.

நூலகத்துக்கு வருவோம். நூல்கள் அடைபட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இவ்வூரே சான்று. மூவர் பதிகங்கள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் அடைபட்டிருந்தன என்றும், நம்பியாண்டார் நம்பியின் துணையுடன் சோழ மன்னன் அதனைத் திறப்பித்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எஞ்சியவையே இன்றுள்ள தேவாரம் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். பாடியோர் வந்தாலன்றி அறை திறவாது என்றார்களாம் காவலர். நூலின் பாதுகாப்பில் கண்ணாயிருந்தவர்கள் கறையானை மறந்துவிட்டனர்.

அக்காவலருக்கு நேர்மாறான நூலகக் கொள்கையை வகுத்த பெருமகன் கொள்ளிடத்திற்கு அப்பால் சீர்காழியில் 1892இல் பிறந்தார். சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதாகும். அதே 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஊரூராகப் புறப்பட்டது. நூலகத்தின் விரிவுப் பணிகள் என்று அரங்கநாதன் கருதியவற்றுள் வாசகர் வட்டம், சொற்பொழிவு, கதை சொல்லும் வேளை, கண்காட்சி ஆகியவை அடங்கும். ஆகவே நூலகத்தில் இலக்கியக் கூட்டம் நடத்துவதை நூலகர் நமக்குச் செய்யும் சலுகையாகக் கருதவேண்டியதில்லை. நூல் வழங்குவது எப்படி நூலகத்தின் கடமையோ, அப்படியே இதுவும்.

1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். அதன்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்துவரியோடு நூலக வரியையும் தண்டுகின்றன. இப்போது அது சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. கிளை நூலகச் சுவரில் ஆயிரம் ரூபாய் வழங்கிய புரவலர்களின் பெயர்கள் பலகையில் எழுதப்பட்டிருக்கும், அவர்கள் வாழ்க. ஆனால் பலகையில் இடம்பெறாத புரவலர் ஊர் முழுவதும் இருக்கின்றனர். கீழவீதியில் பூக்கடை வைத்திருப்பவரும், சிறு வீட்டுக்கு வரி கட்டும் கைம்பெண்ணும், நூலகத்தின் படியை ஒருநாளும் மிதித்திராத முதியவரும் அந்தக் காசைக் கட்டியவர்கள். மின்விசிறியும் நாற்காலியும் அவர்கள் பணம். நூலகக் கூட்டத்திற்குக் கேட்போர் யார் என்னும் வினாவுக்கு முதல் விடை இங்கேயே இருக்கிறது. அவர்கள் அவையில் இல்லை. ஆனால் அவை அவர்களுடையது. பல்கலைக்கழகத்து நூலகத்திற்கும் ஊர் நூலகத்திற்கும் உள்ள வேறுபாடு நூல்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அண்ணாமலைநகரில் சர். சி.பி. இராமசாமி ஐயர் பெயரால் விளங்கும் நூலகத்தில் நுழைவோர் படிப்பதற்கென்றே வந்தவர்கள். ஊர் நூலகத்தில் நாளிதழ் புரட்ட வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் எல்லாரும் உண்டு. இலக்கியக் கூட்டம் இவர்கள் காதில் விழும்படி நடக்கிறது. அந்தக் காதுகளைப் பொருட்படுத்தாத கூட்டம் கல்யாண மண்டபத்திலேயே நடந்துவிடலாம்.

இவ்வட்டாரத்தின் பேச்சு மரபு மிக வலியது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1847இல் பிரசங்கத்தைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மருதூரில் பிறந்து வடலூரில் சத்திய ஞானசபை கண்ட இராமலிங்க அடிகளுக்கும் நாவலருக்கும் எழுந்த அருட்பா மருட்பா வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பாடல் தொகுதி அருட்பாவா அன்றா என்று ஊர் இரண்டுபட்டது. அப்போரில் இரு சாராரும் வழங்கிய கண்டன மொழியை இன்று எவரும் மெச்சமாட்டார். எனினும் கவிதை ஒன்று என்ன என்பது குறித்துத் தெருவில் வாதாடிய மக்கள் அவர்கள். திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் (1873 - 1942) மணிக்கணக்கில் பேசியும் கேட்போரைக் களைப்புறச் செய்யாதவர் என்று கேட்டவர்கள் எழுதியுள்ளனர். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. மேடைத் தமிழுக்கு ஒரு நடை வகுத்தவர்களுள் அவர் முன்வரிசையில் வைக்கத்தக்கவர்.

இம்மரபின் பேறு தெரிந்ததே. இழப்பைச் சொல்வோர் குறைவு. பேச்சாளர் பெருமை வளர வளரக் கேட்போர் கைதட்டுவோராயினர். தடை எழுப்புவது மரியாதைக் குறைவு என்றாயிற்று. இன்று நூலகக் கூட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் ஐவரின் வாழ்த்துரை, பொன்னாடைகள். சிறப்புரையாளர் எழும்போது நூலகர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். கலந்துரையாடல் என்று அழைப்பிதழில் அச்சிட்ட பகுதி நன்றியுரைக்கு வழிவிட்டு நின்றுவிடுகிறது. கவிதை வாசித்தவர் தம் முறை முடிந்ததும் பேருந்தைப் பிடிக்கப் புறப்படுகிறார். அடுத்தவர் கவிதையைக் கேட்பது அவர் பொறுப்பு என்று எவரும் அவருக்குச் சொன்னதில்லை. திருவள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஒன்றும், அவை அஞ்சாமைக்கு ஒன்றும் வகுத்தார். நாம் மூன்றாவதை மட்டும் நன்கு பயின்றுள்ளோம்.

இந்நிலைக்கு மாற்றாகப் பட்டறைகள் எழுந்தன. பட்டறை என்னும் சொல் கொல்லன் களத்திலிருந்து வந்தது. அங்கே உலை உண்டு, துருத்தி உண்டு, சம்மட்டி உண்டு; பழுக்கக் காய்ந்த இரும்பு அடி வாங்கும். பல இலக்கியப் பட்டறைகளில் இரும்பையே காணோம். கவிதை எழுதுவது எப்படி என்று மூவர் சொற்பொழிவாற்றுகின்றனர். மாலையில் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதாவது பழைய கூட்டமே புதிய பெயரில் நடக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து எழுத்துப் பட்டறை 1936 முதல் நடந்துவருகிறது. அவ்வகைப் பட்டறைகளில் பரவலாக வழங்கிய ஒரு முறை உண்டு. படைப்பின் படிகள் முன்னதாகவே அனைவருக்கும் தரப்படும்; மற்றவர்கள் அதனைப் பற்றிப் பேசுகையில் எழுதியவர் வாய்திறவாது இருக்கவேண்டும். இம்முறை எழுதியவரை நசுக்குகிறது என்ற கண்டனமும் அந்நாட்டிலேயே பின்னர் எழுந்தது. அதே அயோவாவில் உலக எழுத்தாளர்களுக்கென நடைபெறும் திட்டத்தில் 1973இல் அசோகமித்திரன் கலந்துகொண்டார். அவ்வனுபவமே ஒற்றன் என்னும் நூலாயிற்று. நம் களவியல் கதையில் கேட்போன் ஊமை. அயோவாவில் எழுதியவர் ஊமை. தொல்காப்பியர் கதையில் இருவரும் பேசுகின்றனர். மூன்றாவதே நம் நூலகங்களுக்கு ஏற்றது என்று தோன்றுகிறது.

நன்னூலார் இதற்கும் ஒரு கணக்குத் தந்துள்ளார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்கு எடுத்துரைக்கும்போது. சிறப்புரைக்கு முழு மாலையையும் ஒதுக்கும் வட்டம் கால் பங்கோடு நின்றுவிடுகிறது. கவிஞர் ஒருவர் தம் கவிதையை வாசிப்பதற்குப் பதிலாக, உடனிருக்கும் மற்றொருவரின் கவிதையை வாசித்து இதில் தமக்குப் புரிந்தது இது, தடுக்கியது இது என்று எடுத்துச் சொல்லும் ஒரு மாலையை நடத்திப் பார்க்கலாம். செலவு ஏதும் இல்லை. பொன்னாடை மிச்சம்.

பட்டறையில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். சம்மட்டியைப் பிடிப்பவர் பெரும்பாலும் தமிழாசிரியர். திருத்துவது அவர் தொழில். பிழை என்று அவர் கருதுவது எல்லாம் பிழையாக இராது. ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். கடலூர், விருத்தாசலம் பக்கத்துச் சிற்றூர்களில் கொல்லை என்றால் பயிர் செய்யும் புன்செய். முந்திரிக் கொல்லை, கம்பங் கொல்லை என்பர். தமிழகத்தின் பிற பகுதிகளில் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். மாணவி ஒருத்தி தன் கவிதையில் தாய் விடியலில் கொல்லைக்குப் போனாள் என்று எழுதினால், வேற்றூர் ஆசிரியர் அதனை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, வயல் என்று திருத்திவிடக்கூடும். வயல் நன்செய், அவள் தாய் போனது அங்கே இல்லை. அச்சொல்லோ சங்க நூல்களில் முல்லை நிலத்துப் புன்செய்க்கு வழங்கிய பழஞ்சொல். கொச்சை என்று அடிக்கப்படுவது தொன்மையாக இருக்கும் இடங்கள் நடுநாட்டில் மிகுதி. இச்சொற்களைத் திரட்டி நடுநாட்டுச் சொல்லகராதியை 2007இல் வெளியிட்டவர் கண்மணி குணசேகரன். அவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். தமிழ்த்துறைப் பேராசிரியர் அல்லர். அவருடைய அஞ்சலை, இமையத்தின் கோவேறு கழுதைகள், தங்கர் பச்சானின் ஒன்பது ரூபாய் நோட்டு என 1990களில் வெளிவந்த நாவல்கள் இவ்வட்டாரத்தின் காதைத் தமிழுக்குக் கொடுத்தன. எந்தப் பட்டறையும் அவற்றை உண்டாக்கவில்லை. திருத்த முனைந்த பட்டறை ஒன்று அவற்றைக் கெடுத்திருக்க முடியும். ஆகவே நூலகப் பட்டறையில் ஒரு சொல்லை அடிக்குமுன், எழுதியவரின் ஊரிலிருந்து வந்த ஒருவரேனும் அவையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நன்று. புலவர்க்கு நடுவனாய் ஐயாட்டைப் பிள்ளை அமர்ந்த கதை இங்கேதான் பொருளுடையதாகிறது.

சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனியை இந்த இடத்தில் நினையாதிருக்க இயலாது. ஏறத்தாழ இரண்டு டஜன் கதைகளே அவர் வெளியிட்டவை. அப்பெயரை அவருக்குச் சூட்டியவர் மணிக்கொடியின் பி.எஸ். ராமையா என்பர். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். மேடையில் ஏறாத மௌனியைத் தேடி இளம் எழுத்தாளர்கள் இவ்வூருக்கு வந்தனர். பேச்சுக்குப் பேர்போன ஒரு நிலத்தில் இவ்வாறு ஒருவர் இருந்ததை இலக்கிய வட்டங்கள் எண்ணிப் பார்க்கலாம்: எழுதுவோர் எல்லாரையும் மேடைக்கு இழுப்பது அன்பாகாது. சிலருக்கு மூலையில் ஒரு நாற்காலி போதும்.

அந்த நாற்காலியும் கிட்டாதோர் உளர். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் எனக் குறித்து ஏழுக்குத் தொடங்கி ஒன்பதைக் கடக்கும் கூட்டத்திற்குப் புவனகிரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் பெண்கள் வரவியலாது. வந்தாலும் பாதியில் எழுந்து போகவேண்டும். எழுந்து போவோரை மேடை கடிந்துகொள்வதும் உண்டு. காந்தி புராணம் பாடிய பண்டிதை அசலாம்பிகை அம்மையார் (1875 - 1955) திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்து, இளமையிலேயே கணவனை இழந்தவர் எனினும் அக்காலத்து மேடைகளில் ஏறிப் பேசியவர். அவர் பிறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியும், பெண் கவிஞர்களுக்கெனத் தனிக் கவியரங்கம் ஒன்றை மார்ச்சுத் திங்களில் நடத்திவிட்டு எஞ்சிய பதினொரு திங்களும் ஓய்ந்திருக்கும் வட்டங்கள் பல. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறன்று திறந்திருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தால் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்து வரலாம். அவர்களுக்கு அடுத்த அறையில் நூல்கள் இருக்கின்றன.

இன்னும் ஒன்று. வட்டங்களின் குறிப்பேடுகளில் பேசியோர் பெயரும் தலைப்பும் வருகையாளர் கையொப்பமும் காணப்படும். எழுந்த வினாக்கள் காணப்படா. அதங்கோட்டாசான் கூறிய குற்றங்களும் அதற்குத் தொல்காப்பியர் தந்த விடைகளும் எவராலும் எழுதிவைக்கப்படவில்லை. கேட்டார், கூறினார், விடுத்தார் என்ற செய்தி மட்டுமே எஞ்சியது. வரும் கூட்டத்திலிருந்து குறிப்பேட்டின் வலப்பக்கத்தை வெற்றாக விட்டு, யார் எந்த வரியை ஐயுற்றார், எழுதியவர் யாது சொன்னார் என்று பதிந்துவைக்க ஒருவரை அமர்த்தலாம். கையெழுத்து நன்றாக இருப்பவராக இருந்தால் போதும். அக்குறிப்பேட்டை நூலகத்திலேயே வைத்துவிட்டுப் போகலாம், பூட்டாத அலமாரியில்.